சொட்டு

லிங்கராஜபுரம், மூன்றாவது மாடி.
பதினைந்து லிட்டர் கீசர்.
அதாவது ஒன்றரை வாளி,
அதாவது மூன்று பெண்களில் ஒருத்திக்கு
எப்போதும் பச்சைத் தண்ணீர்.

டிசம்பரில் அந்த ஒருத்தி கோதைநாயகி.
“நீங்க முதல்ல போங்கப்பா,
எனக்கு மீட்டிங் பத்து மணிக்குத்தான்.”
அவளுக்கு மீட்டிங் எட்டரைக்கு என்று
எனக்கும் தெரியும், ஷெரினுக்கும் தெரியும்.
தெரிந்துகொண்டே துண்டை எடுத்துக்கொண்டு போவோம்.

சத்தம் வந்தது சனிக்கிழமை.
சட்டியில் கடலை வறுபடுவதுபோல் உள்ளே படபடவென்று.
சிவப்பு விளக்கு அணையவே இல்லை.
குழாயைத் திறந்தால் முதலில் ஆவி,
பிறகு துரு நிறத்தில் ஒரு செருமல்,
பிறகு வீடு முழுக்க இருட்டு.

காக்ஸ் டவுனிலிருந்து இருதயராஜ் வந்தார்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே அண்ணாந்து பார்த்தார்.
“எந்தத் தண்ணி மேடம்?”
“டேங்கர்.”
“டேங்கர்னா போர். ஆயிரத்து இருநூறு அடி.
காவேரி இந்தத் தெருவுக்குத் திரும்பறதுக்குள்ளயே தீந்துபோவுது.”

வாளியைப் பிடிக்கச் சொல்லி அடித்தட்டைத் திறந்தார்.
தண்ணீர் வந்தது.
பிறகு தண்ணீர் இல்லாதது வந்தது:
முட்டையோடு மாதிரி, உடைந்த பல் மாதிரி
அரை வாளி வெள்ளைச் சில்லு.
சூடேற்றும் சுருளுக்கு ஒரு சுண்ணாம்புச் சட்டை.
கழற்ற முடியாத சட்டைக்குள் வெந்து வெந்து
அது ஓரிடத்தில் வெடித்திருந்தது.

கூடவே ஒரு கம்பி, சீவித் தீர்ந்த பென்சில்போல.
மெக்னீசியமாம். டேங்க் துருப்பிடிக்காதிருக்க
அதற்குப் பதில் இது கரையுமாம்.
“அம்மா மாதிரி” என்றாள் ஷெரின்.
“எண்ணூறு ரூவா மேடம்” என்றார் இருதயராஜ்.

அதற்குப் பிறகுதான் அவர் பேச்சு நின்றது.
நீர் நுழையும் வழியில்
கட்டைவிரல் அளவு பித்தளை வால்வு.
அதன் வாயில் சாம்பல் நிற எம்-சீல்.
அழுத்திய விரலின் ரேகைகூட
அப்படியே காய்ந்திருந்தது.

“யாரு அடைச்சது?”

நாங்கள்தான், ஒருவகையில்.
போன மழையில் சொட்டுகிறது என்று
ஓனருக்குச் செய்தி அனுப்பினோம்.
ஆள் வந்தார். ஐந்து நிமிடம்.
சொட்டு நின்றது.
கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பி நன்றி சொன்னோம்.

“சொட்டறதுக்குத்தான் மேடம் அது இருக்கு.
சூடானா தண்ணி உப்பும்.
உப்புனது எங்க போவும்?”

தெர்மோஸ்டாட்டும் ஒட்டிக்கொண்டு கிடந்தது.
போதும் என்று சொல்ல வேண்டியது சொல்லவில்லை.
மிச்சம் இருந்தது ஒரு குண்டுமணி ஈயம்,
எல்லாம் கைவிட்டால் உருகிக் கொட்ட வேண்டியது.
அதன் விளிம்பு இளகியிருந்தது.

இத்தனை மாதம் அதற்குக் கீழே நின்று
கண்ணை மூடி ஷாம்பூ போட்டிருக்கிறோம்,
பாட்டும் பாடியிருக்கிறோம்.

இரவு ஓனர் போனில் சொன்னார்:
“பழைய மெஷின். நீங்கதான் பாத்து யூஸ் பண்ணணும்.”
கோதைநாயகி கை நீட்டிப் போனை வாங்கினாள்.
மெதுவாகத்தான் தொடங்கினாள், சார் என்றுதான்.
எம்-சீலிலிருந்து பத்து மாத அட்வான்ஸுக்குப் போனாள்,
அங்கிருந்து மோட்டார் போடாத ஞாயிறுகளுக்கு,
ஷெரின் பெயரைக் கேட்டுவிட்டு
இரண்டு நாள் யோசித்த வாடகைப் பேச்சுக்கு.
கீழ்வீட்டு நாய் குரைப்பதை நிறுத்திக் கேட்டது.
வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.
“நாளைக்கு நான்தான் முதல்ல.”

புதியது இருபத்தைந்து லிட்டர்.
அடியில் நுழையும் குளிர்தான்
சூட்டை மேலே தள்ளி அனுப்புகிறதாம்;
தானாக எதுவும் வருவதில்லை.

ஆறு மணிக்கு நான் விழித்தபோது
குளியலறையில் கோதையின் ஈரக் கால்தடம்.
டைல்ஸில் டொக்.
கொஞ்சம் பொறுத்து, டொக்.
வால்வுக்கு நேர் கீழே
யாரோ ஒரு மக்கை நகர்த்தி வைத்திருக்கிறார்கள்.